ராஜா இல்லாத ஆஸ்தானப் பாடகி

பங்குனி உத்திரம் நெருங்கிவிட்டால் தொப்பம்பட்டி வட்டாரத்துக்காரர்களுக்குக் கொடுமுடி என்ற ஊரை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. காவிரித் தண்ணீரைச் செம்பில் மோந்து, காவடியில் கட்டி, தாராபுரம் பக்கமாகக் கால்நடையாகவே பழநிக்கு வருகிற தீர்த்தக் காவடிக் கூட்டம் அங்கே இருந்துதான் கிளம்புகிறது. வெயிலில் கொதிக்கிற பங்குனியில் மலை மேல் இருக்கிற முருகனுக்குக் கொடுமுடித் தண்ணி!

அதே கொடுமுடியில் இருந்து இன்னொன்றும் பழநிக்கு வந்து சேர்ந்தது. ஒரு குரல். 'திருவிளையாடல்' (1965) படத்தில் மாம்பழம் கிடைக்காத கோபத்தில் மலைக்கு வந்துவிட்ட முருகனைச் சமாதானம் பண்ண ஒரு பாட்டி வருவாரே, அந்தக் குரல். பழநி அடிவாரத்தில் அந்தப் பாட்டு காதில் விழாமல் ஒருத்தர் மலையேறி இறங்கிவிட்டால் அது பெரிய அதிசயம். வெள்ளைப் புடவை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல். கே.பி.சுந்தராம்பாள் என்றால் முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வருவது இந்த உருவம்தான். பிறக்கும்போதே ஔவையாராகப் பிறந்தவர் மாதிரி!

பிரச்சினையே அங்கேதான். இந்தப் பாட்டிக்கு முன்னால் ஒரு சுந்தராம்பாள் இருந்தார். பட்டும் நகையுமாக மேடையில் வள்ளியாக நின்று, எதிரே நிற்கிற ஆண் நடிகரோடு விடிய விடியப் பாட்டிலேயே சண்டை போட்ட சுந்தராம்பாள். அவருடைய கதையைத் தெரிந்துகொண்டால்தான் இந்த வெள்ளைப் புடவையின் விலை என்ன என்று புரியும். விலை என்று சொல்வது சும்மா வார்த்தைக்காக இல்லை. இந்தக் கதையில் காசுக் கணக்கும் நிறைய இருக்கிறது.

கொஞ்சம் தூரமாகப் போய்விட்டு வருவோம். சுவீடன் நாட்டில் மூன்றாம் குஸ்தாவ் என்று ஒரு ராஜா. 1773இல் அவர் ஸ்டாக்ஹோமில் ஓபரா ஆரம்பித்தார். பாட்டாலேயே நடக்கும் நாடகம். பேச்சு கூடப் பாட்டுதான். அது வரைக்கும் இத்தாலி மொழியிலும் பிரெஞ்சிலும் கேட்டுப் பழகிய ஜனங்களுக்கு சுவீடிஷ் மொழியிலேயே முதல் பெரிய ஓபரா. அதில் கதாநாயகியாகப் பாடியவர் எலிசபெத் ஓலின். 'அரசவைப் பாடகி' என்ற பட்டம் கொடுத்தார்கள். 1782இல் அந்த நாட்டு ராஜாங்க இசைக் கழகத்தில் முதல் பெண் உறுப்பினரும் ஆனார். பாட்டு நாடகம் வேண்டும் என்று ராஜாவே நினைத்தார், கஜானாவைத் திறந்தார், பாடகிக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அவ்வளவுதான் சூத்திரம்.

நம்ம ஊரிலும் பாட்டாலேயே நடக்கும் நாடகம் இருந்தது. ஆனால் 1900க்கு மேல் தமிழ் நாடகத்துக்கு ராஜா யாரும் கிடையாது. தஞ்சாவூர் மராட்டிய அரசவை எப்போதோ முடிந்துபோயிருந்தது. இங்கே ராஜா என்பவர் தரை டிக்கெட் வாங்கி மண்ணில் உட்கார்ந்திருந்த ஆள்தான். பிடித்தால் 'ஒன்ஸ் மோர்' என்பார். பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த ராஜாவுக்கு வேலை செய்வது எத்தனை ஆபத்து என்பதற்குக் கும்பகோணம் பாலாமணி அம்மாள் ஒரு உதாரணம். பெண்களையே வைத்துக் கம்பெனி நடத்தினவர். அவர் நாடகம் பார்க்க வருகிற கூட்டத்துக்காகவே ரயில் விட்டார்கள் என்று சொல்லும் அளவுக்குக் கொடிகட்டிப் பறந்தார். கடைசிக் காலத்தில் மதுரையில் வறுமையில் செத்துப்போனார். பென்ஷன் கொடுக்க ராஜா இல்லை, வரிசையில் நின்ற கூட்டம் வேறு வரிசைக்குப் போய்விட்டது.

சுந்தராம்பாள் இறங்கிய தொழில் இதுதான்.

கே.பி. என்பது கொடுமுடி பாலாம்பாள். பாலாம்பாள் அவருடைய அம்மா. அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்ளும் ஊரில் கடைசி வரைக்கும் அம்மா பெயரைச் சுமந்தவர். 1908 அக்டோபரில் பிறந்தார். வீட்டில் சாப்பாட்டுக்கே வழி இல்லாத நிலை. சின்ன வயசிலேயே ரயிலில் பாடிக் காசு வாங்கியிருக்கிறார். ரயில்வே அதிகாரியும் நாடகப் பைத்தியமுமான எஃப்.ஜி.நடேச அய்யர் காதில் அந்தக் குரல் விழுந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அப்புறம் வேலு நாயர் நாடகக் கம்பெனி.

முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தது என்ன வேஷம் தெரியுமா? 'நல்லதங்காள்' நாடகத்தில் மூத்த பையன். பஞ்சத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணியிடம் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் குதிக்கும் நல்லதங்காள் கதை நம்ம பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் பசிக்கிறது என்று அழுது பாடுகிற பையன் வேஷம் சுந்தராம்பாளுக்கு. கொட்டகையே அழுததாம். ரயிலில் பாடிப் பிழைத்த பிள்ளைக்கு அந்தக் காட்சியில் நடிக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

இந்த இடத்தில் ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன என்று சொல்லியே ஆக வேண்டும். காமர்ஸ் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது யோசித்துப் பார்க்க வேண்டிய ஏற்பாடு அது.

கம்பெனி நாடகம் என்பது ஒரு வகை. முதலாளி ஒருத்தர், மாசச் சம்பளம், எல்லோரும் ஒரே வீட்டில் சாப்பாடு, தினம் ஒத்திகை. பாய்ஸ் கம்பெனி என்றால் பையன்களே பெண் வேஷமும் போடுவார்கள். ஸ்பெஷல் நாடகம் இதற்கு நேர் எதிர். ராஜபார்ட் மதுரைக்காரர், ஸ்திரீபார்ட் கரூர்க்காரர், பபூன் புதுக்கோட்டை, ஆர்மோனியம் இன்னொரு ஊர். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக அட்வான்ஸ். காண்ட்ராக்டர் கொட்டகை போட்டு, நோட்டீஸ் அடித்து, டிக்கெட் விற்பார். நடிகர்கள் அன்றைக்கு ராத்திரி மேக்கப் போடும் இடத்தில்தான் முதன்முதலாக ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. பத்து மணிக்குத் திரை தூக்கினால் விடியும் வரை நாடகம்.

எப்படிச் சாத்தியம்? சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) என்ற ஒரு மனிதரால்தான். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' என்று அவர் எழுதி வைத்த நாடகங்களை எல்லா நடிகர்களும் மனப்பாடம் செய்திருந்தார்கள். பொது மூலம் ஒன்று இருந்தால் முன்பின் தெரியாத பத்துப் பேர் சேர்ந்து எட்டு மணி நேர நாடகத்தை நடத்திவிடலாம். ஒரே அளவு திருகு, ஒரே அளவு நட்டு மாதிரி. எந்த ஊர்த் திருகும் எந்த ஊர் நட்டிலும் ஏறும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை, ஒரு கொடுமை. நன்மை: நல்ல குரல் உள்ளவர் யாருக்கும் அடிமை இல்லை, தன் விலையைத் தானே சொல்லலாம். கொடுமை: இன்றைக்குத் தொண்டை கட்டினால் நாளைக்கு அட்வான்ஸ் வராது.

மைக் இல்லாத காலம் வேறு. பின்னால் உட்கார்ந்திருக்கிற கடைசி ஆளுக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்க வேண்டும். அதனால் சுதி மேலே போனது. ஆர்மோனியத்தில் கட்டைக் கணக்கு உண்டு. ஆண் வித்வான்கள் கச்சேரியில் சாதாரணமாக ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை. நாடக மேடையிலோ ஆண்களும் நாலு, ஐந்து என்று ஏறி நின்று பாடினார்கள். அந்த உயரத்தில் கத்தாமல் பாட வேண்டும். ராகம் கெடக்கூடாது, வார்த்தை சிதையக்கூடாது. சுந்தராம்பாள் பாட்டை இன்றைக்குக் கேட்டாலும் ழகரமும் றகரமும் தனித்தனியாக எண்ணிப் பார்க்கலாம். அழகுக்காகச் செய்தது இல்லை அது. தரை டிக்கெட் ராஜாவுக்குச் செய்த மரியாதை.

அந்தக் காலத்து மேடையில் உயரத்தில் பாடுவதற்கே பேர் போன ஒருத்தர் இருந்தார். செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. 1906இல் பிறந்தவர். அண்ணன் தம்பிகளோடு சின்னப் பையனாகவே மேடை ஏறி, கன்னையா கம்பெனியில் பெரிய பெயர் எடுத்தவர். சங்கீத வித்வான்களே அவர் பாட்டைக் கேட்க நாடகக் கொட்டகைக்கு வந்தார்கள்.

சுந்தராம்பாள் இலங்கையில் நாடகம் நடத்திக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் கொழும்பும் யாழ்ப்பாணமும் தமிழ் நாடகக்காரர்களுக்கு நல்ல வசூல் ஊர்கள். 1926இல் கிட்டப்பாவும் அங்கே போனார். இரண்டு பேரையும் ஒரே மேடையில் ஏற்றினால் என்ன என்று காண்ட்ராக்டர்களுக்குத் தோன்றியது. தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தப் பெண்ணோடு பாடினால் உன் பெயர் போய்விடும் என்று கிட்டப்பாவைப் பயமுறுத்தியவர்கள் உண்டு என்பார்கள். அவரோ பாடித்தான் பார்ப்போமே என்றார்.

நாடகம் 'வள்ளி திருமணம்'. தினைப்புனம் காக்கிற வள்ளி, வேடனாக, கிழவனாக வந்து வம்பு பண்ணுகிற முருகன். இந்த நாடகத்தின் உயிரே தர்க்கம்தான். அவர் ஒன்று பாட, இவர் அதற்குப் பதில் பாட, அவர் அதையே இன்னொரு ராகத்தில் திருப்ப... மூலம் சங்கரதாஸ் சுவாமிகளுடையது என்றாலும் தர்க்கம் அன்றன்றைக்கு மேடையிலேயே பிறக்கும். முன்னாடி பேசிவைத்துக்கொள்வது கிடையாது. தோற்றால் ஊர் முன்னாடி தோற்க வேண்டும். அப்படி ஒரு இடத்தில் இரண்டு பேரும் தோற்கவில்லை. ஜோடி என்றால் இதுதான் ஜோடி என்று ஊர் சொன்னது. 1927இல் மாயவரத்தில் கல்யாணம் நடந்தது.

கிட்டப்பாவுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகியிருந்தது. 1924இல் கிட்டம்மாளை மணந்திருந்தார். இரண்டாவது கல்யாணம் அன்றைக்குச் சட்டப்படி தப்பில்லை. இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1949இல்தான் வந்தது. ஆனால் சட்டம் அனுமதித்தது என்பதால் வாழ்க்கை அனுமதித்துவிடுமா? செங்கோட்டையில் ஒரு குடும்பம், கொடுமுடியில் ஒரு குடும்பம், நடுவில் உறவுக்காரர்கள், கம்பெனிக் கணக்கு வழக்கு. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. கிட்டப்பா விலகிப் போக ஆரம்பித்தார். குடியும் சேர்ந்துகொண்டது.

அந்தக் காலத்தில் சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சிலும் வந்தன. படிக்கச் சங்கடமாகத்தான் இருக்கும். மேடையில் எந்தத் தர்க்கத்திலும் தோற்காத ஒரு பெண் கடிதத்தில் கெஞ்சுகிறார், கோபப்படுகிறார், மறுபடி கெஞ்சுகிறார். அப்போதும் அவர்தான் சம்பாதித்துக்கொண்டிருந்தவர். காசு கேட்டு எழுதவில்லை, வந்து பாருங்கள் என்று எழுதினார். இதில் யார் பக்கம் நியாயம் என்று எண்பது தொண்ணூறு வருஷம் கழித்துப் பஞ்சாயத்துப் பண்ணுவது சுலபம். ஆனால் ஒன்று மட்டும் தெளிவு. மூன்றாவதாக ஒரு பெண்ணும் இதில் இருந்தார். கிட்டம்மாள். அவருடைய கடிதம் எதையும் யாரும் அச்சடிக்கவில்லை.

1933 டிசம்பர் 2. கிட்டப்பா இறந்துபோனார். வயசு இருபத்தேழு.

சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அன்றைக்கு வெள்ளைப் புடவைக்கு மாறினார். நகைகளைக் கழற்றினார். இனிமேல் எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு எடுத்தார். சாகும் வரை, நாற்பத்தேழு வருஷம், அதை மாற்றவே இல்லை.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? பத்திரிகைகள் ரொம்ப காலமாக இதைப் 'பதிபக்தி' என்று எழுதிப் பழகிவிட்டன. பக்தி இருந்திருக்கும், யார் இல்லை என்றது? ஆனால் ஒரு நிமிஷம் அந்த 1933ஆம் வருஷத்துப் பெண்ணின் இடத்தில் நின்று பாருங்கள். இரண்டாம் தாரம். பிள்ளை இல்லை. விதவைக்குப் புருஷன் சொத்தில் ஏதோ பங்கு என்று சொன்ன சட்டமே 1937இல்தான் வந்தது. தொழிலோ நாடகம், நாடகக்காரி என்றாலே ஊர் ஒரு மாதிரி பார்க்கிற காலம். கூடவே நல்ல வசூல் தருகிற குரல். இப்படி ஒரு இளம்பெண் தனியாகத் தொழில் செய்தால் எத்தனை பேர் 'பாதுகாப்பு' கொடுக்க வருவார்கள் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. வெள்ளைப் புடவையும் அந்த முடிவும் துக்கத்தில் பிறந்தவைதான். ஆனால் அவை ஒரு வேலியும் ஆயின. உள்ளே யாரும் வர முடியாத வேலி.

விதவை என்றால் சபைக்கு முன்னால் வரக்கூடாது, சுப காரியத்தில் நிற்கக்கூடாது என்பதுதான் அன்றைய ஊர்க்கட்டு. இவர் அதே விதவைக் கோலத்தோடு மேடை ஏறினார். அதே ஊர் கைதட்டியது.

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம்.

தமிழ் சினிமா பேச ஆரம்பித்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. படத் தயாரிப்பாளர் ஹசன்தாஸ் சுந்தராம்பாளை நடிக்கக் கேட்டார். இவருக்கு இஷ்டம் இல்லை. முடியாது என்று சொல்லிச் சலித்துப்போய், ஆளை விரட்டுவதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தால் நடிக்கிறேன் என்றாராம். அவரோ சரி என்றுவிட்டார்! விரட்டச் சொன்னதா, நிஜமாகவே கேட்டதா என்பது அவரவர் விருப்பம். சம்பளம் ஒரு லட்சம் என்பது மட்டும் சரித்திரம்.

ஒரு லட்சம் என்றால் இன்றைக்கு ஒரு நல்ல பைக் வராது. அன்றைக்கு? 1935 வாக்கில் ஒரு சவரன் தங்கம் சுமார் 25 ரூபாய். அப்படியானால் நாலாயிரம் சவரன். முப்பத்திரண்டு கிலோ தங்கம்! இன்றைய விலையில் பெருக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெருக்கிக்கொள்ளலாம், கால்குலேட்டரில் இடம் பத்தாது. மாசம் இருபது முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா குடும்பம் நடத்திய காலம் அது. இதற்கு முன்னால் எந்த நடிகரும் இந்தத் தொகையை யோசித்துப் பார்த்ததுகூடக் கிடையாது.

தொகையைவிட நிபந்தனைதான் சுவாரஸ்யம். ஆணோடு ஜோடியாக நடிக்க மாட்டார். அப்படியானால் கதாநாயகியாக எப்படிப் போடுவது? கதாநாயகனாகவே போட்டுவிட்டார்கள். படம் 'நந்தனார்' (1935). சிதம்பரம் போக ஏங்குகிற நந்தனாராக சுந்தராம்பாள். நிலத்துச் சொந்தக்கார வேதியராக வந்தவர் யார் என்று பார்த்தால் மகாராஜபுரம் விஸ்வநாத அய்யர்! கர்நாடக சங்கீதத்தில் அன்றைக்கு உச்சத்தில் இருந்தவர். நாடகக்காரி மேல்வேஷம், சபா வித்வான் துணைவேஷம். சம்பளமும் அப்படியே.

படம் ஓடவில்லை. கல்கி ஆனந்த விகடனில் எழுதிய விமர்சனத்தில் படத்தில் வருகிற மரத்தையும் எருமையையும் நன்றாக நடித்ததாகப் பாராட்டி வைத்தார். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் பெண் ஆண் வேஷம் போட்டால் சினிமா கேமரா காட்டிக்கொடுத்துவிடும் என்பதும் நிஜம். முப்பது அடி தள்ளி உட்கார்ந்திருக்கிற நாடக ரசிகன் குரலை வைத்து நம்பிவிடுவான். கேமரா பக்கத்தில் வந்து முகத்தைப் பார்க்கிறதே.

வேறு ஒருத்தராக இருந்தால் இதோடு நிபந்தனையைத் தளர்த்தியிருப்பார். இவர் வேஷத்தைத்தான் மாற்றினார். அடுத்து 1940இல் 'மணிமேகலை'. துறவு பூண்ட பெண். அப்புறம் பதிமூன்று வருஷம் கழித்து எஸ்.எஸ்.வாசனின் 'ஔவையார்' (1953). கல்யாணம் வேண்டாம் என்று கடவுளிடம் கேட்டு இளமையிலேயே கிழவியாகிவிடுகிற பெண். 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், சமணத் துறவி. 'திருவிளையாடல்' படத்தில் மறுபடியும் ஔவை. 1973இல் 'காரைக்கால் அம்மையார்'. புருஷன் விலகிப் போன பிறகு இந்த அழகு எனக்கு எதற்கு என்று பேய் உருவம் கேட்டு வாங்கிய பெண். அதில் இளவயசு அம்மையாராக லட்சுமி, பிந்தைய அம்மையாராக இவர்.

வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். தமிழ் இலக்கியத்திலும் பக்தி மரபிலும் ஜோடி இல்லாமல் தனியாக நடக்கிற பெண்கள் யார் யார் உண்டோ, முக்கால்வாசிப் பேர் இவரிடம் வந்து சேர்ந்துவிட்டார்கள். கதாநாயகி என்றால் காதலித்தே ஆக வேண்டிய தமிழ் சினிமாவில், காதலிக்காத பெண்ணை நடுவில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டிய கட்டாயத்தை ஒருத்தருடைய நிபந்தனை உண்டாக்கியது. நிபந்தனை இல்லாமல் இருந்திருந்தால் வாசன் 'ஔவையார்' எடுக்கத் துணிந்திருப்பாரா என்பதே சந்தேகம். கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய அந்தப் படம் வருஷக்கணக்கில் தயாரானது. யானைக் கூட்டமே வந்து கோட்டையை இடிக்கும் பிரம்மாண்டம். ஆனால் படத்தைத் தாங்கியது யானை இல்லை, கோல் ஊன்றிய ஒரு குரல்.

அரசியல் பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். காங்கிரஸ் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி நாடகப் பிரியர். மேடைக் கலைஞர்கள் பாடினால் பத்துச் சொற்பொழிவு செய்யாததைச் செய்யும் என்று புரிந்துகொண்டவர். கிட்டப்பா, சுந்தராம்பாள் இரண்டு பேரும் கதர் கட்டி தேசியப் பாட்டுப் பாடினார்கள். புராண நாடகத்தின் நடுவில் திடீரென்று வெள்ளைக்காரனைத் திட்டி ஒரு பாட்டு வந்தால் எந்த போலீஸ்காரர் வள்ளியைக் கைது பண்ணுவார்? கிட்டப்பா போன பிறகும் சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். காந்தி கொடுமுடி வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் சாப்பாடு போட்டதாகவும், சாப்பாடு மட்டும்தானா தட்டு கிடையாதா என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டதாகவும் கொங்குப் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். 1950களில் சென்னை மாநில மேலவையில் உறுப்பினரானார். இந்தியாவிலேயே சினிமாவில் இருந்து சட்டசபை வளாகத்துக்குள் முதலில் போனவர் இவர்தான் என்று சொல்கிறார்கள். பின்னால் அந்த வழியில் போனவர்களின் பட்டியல் நமக்குத் தெரியும். அது பெரிய ஜாபிதா.

கணக்குப் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று வரும். எந்தச் சொத்தாக இருந்தாலும் வருஷா வருஷம் மதிப்புக் குறையும், புத்தகத்தில் குறைத்து எழுத வேண்டும். குரலுக்கும் அது உண்டு. நாற்பது வயசில் மேல் ஸ்தாயி போய்விடும், ஐம்பதில் நடுக்கம் வந்துவிடும். ஐந்து கட்டையில் விடிய விடியப் பாடின குரல் இன்னும் சீக்கிரம் தேய வேண்டும். சுந்தராம்பாள் கணக்கில் இந்தப் பாடம் செல்லாது. மத்திய அரசு சினிமாப் பின்னணிப் பாடகிகளுக்குத் தேசிய விருது கொடுக்க ஆரம்பித்தபோது முதல் விருது பி.சுசீலாவுக்கு. அடுத்த விருது 1969ஆம் ஆண்டின் 'துணைவன்' படத்துக்காக சுந்தராம்பாளுக்கு. அப்போது அவருக்கு அறுபத்தொரு வயசு! சுசீலா பிறக்கும்போதே இவர் நந்தனார் பட சம்பளத்தை வாங்கி முடித்திருந்தார்.

1966இல் தமிழ் இசைச் சங்கம் 'இசைப் பேரறிஞர்' பட்டம் கொடுத்தது. 1970இல் பத்மஸ்ரீ. ராஜாங்க நாற்காலி கடைசியில் வந்துதான் சேர்ந்தது, ஆனால் அதற்குள் அவருக்கு அது தேவைப்படாத நிலைமை. பாலாமணி அம்மாளுக்கு நேர்ந்தது தனக்கு நேராமல் பார்த்துக்கொண்டார். சொந்த ஊரான கொடுமுடியில் சினிமா தியேட்டர் கட்டினார். ரயிலில் காசுக்குப் பாடின பிள்ளை அதே ஊரில் டிக்கெட் விற்கிற இடத்துக்கு வந்தார். நடித்தது மொத்தமே ஒரு டஜன் படங்கள்தான். இன்றைக்கு இரண்டு வருஷத்தில் டஜன் படம் நடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்ன படங்கள்தான் இவருடைய உண்மையான முதலீடு.

குறை சொல்ல இடமே இல்லையா என்றால் இருக்கிறது. வள்ளியாக, சிரிப்பும் குறும்புமாகத் தர்க்கம் பண்ணிய சுந்தராம்பாள் எந்தப் படத்திலும் இல்லை. இருபத்தைந்து வயசோடு அந்தப் பெண்ணை மேடையில் இருந்து இறக்கிவிட்டார்கள். இறக்கிக்கொண்டார் என்றும் சொல்லலாம். இசைத்தட்டில் குரல் மட்டும் கொஞ்சம் மிச்சம். கிட்டப்பாவுக்கும் அப்படித்தான், அவர் சினிமாவில் நடிக்கவே இல்லை. கொழும்பிலும் மதுரையிலும் அந்த இரண்டு பேரும் மோதிக்கொண்ட ராத்திரிகளைப் பார்த்தவர்கள் இன்றைக்கு யாரும் உயிரோடு இருக்க முடியாது. நமக்குக் கிடைத்ததெல்லாம் அதற்குப் பின்னால் வந்த வெள்ளைப் புடவைதான். அதனால்தான் கோபித்துக்கொண்ட முருகனிடம் ஔவை பாடுகிற காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும், சமாதானம் பண்ணுகிற அந்தக் குரலுக்கு அடியில் தர்க்கம் பண்ணத் தெரிந்த ஒரு வள்ளி ஒளிந்திருப்பது மாதிரி இருக்கும். முருகனையே எதிர்க்கேள்வி கேட்டுப் பழகின குரல் இல்லையா!

1980இல் சென்னையில் காலமானார்.

மதுரையிலும் திண்டுக்கல்லிலும் புதுக்கோட்டையிலும் நாடக நடிகர் சங்கங்கள் உண்டு. பங்குனி, சித்திரை வந்தால் கோயில் திருவிழாக்களுக்கு நடிகர்களை அங்கே இருந்துதான் பேசுவார்கள். இப்போதும் தனித்தனி அட்வான்ஸ், இப்போதும் ஒத்திகை கிடையாது. மைக் வந்துவிட்டது, டியூப் லைட் வந்துவிட்டது, பபூன் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறார், பாதிப் பேர் செல்போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் வள்ளி வேஷம் போட்ட பெண் திரைக்குப் பின்னால் வந்து ஆர்மோனியக்காரரிடம் சுதி சொல்லுவார். ஐந்து, இல்லாவிட்டால் ஐந்தரை.